பெரிய சீலா ஏன் எங்கள் கடையில் இல்லை?

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பேலியகொடைச் சந்தைக்குப் பெரிய பெரிய சீலா வருகிறதே, நீங்கள் மட்டும் ஏன் எடுப்பதில்லை என்று பலர் கேட்கிறீர்கள். 3 கிலோவுக்கு மேற்பட்ட சீலாவையும் கலவாயையும் நாங்கள் வாங்குவதில்லை. விலைக்காக அல்ல. அந்த மீன் எதைத் தின்று வளர்ந்தது என்பதுதான் பிரச்சினை.

முருகைக்கற்பாறைகளில், அதிலும் செத்த முருகைமேல் படரும் பாசியில், கம்பியர்டிஸ்கஸ் என்ற நுண்ணுயிர் ஒட்டி வாழ்கிறது. அதில் சில வகைகள் நஞ்சை உண்டாக்கும். ஓராவும் கிளிமீனும் பாசியை மேயும்போது அதையும் சேர்த்து விழுங்கும். அவற்றைச் சீலா, கலவாய், அஞ்சாலை எல்லாம் பிடித்துத் தின்னும். நஞ்சு உடம்பைவிட்டு லேசில் போகாது. வருஷக்கணக்கில் தின்று பெருத்த மீனில் அது சேர்ந்துகொண்டே போகும். மீனைப் பார்த்தால் நோஞ்சானாகத் தெரியாது, அவதிப்படுவது சாப்பிட்டவர்தான். இந்த மீன் நஞ்சால் வரும் வியாதியைச் சிகுவாட்டெரா என்பார்கள். பசிபிக், கரீபியன் தீவுகளில் அதிகம்; நம் இந்து சமுத்திரத்தில் மொரிஷியஸ், ரீயூனியன் பக்கமும் உண்டு. சின்ன மீனில் இருக்கவே இருக்காது என்று சத்தியம் பண்ண முடியாது, ஆனால் பெரியதில் ஆபத்துக் கூட.

பழுதான மீன் விவகாரம் வேறு. சூரை வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகி, சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து உடம்பு தடிக்கும். பிடித்த கையோடு ஐஸில் போட்டால் அதைத் தடுக்கலாம். சிகுவாட்டெரா நஞ்சோ, அன்றைக்கே பிடித்த, செவுள் சிவந்த மீனிலும் இருக்கும். மணத்திலோ ருசியிலோ தெரியாது. ஐஸில் வைத்தாலும், கொறுக்காய் போட்டுக் கொதிக்கவிட்டாலும் அழியாது. இலையான் மொய்க்கிறதா என்று பார்ப்பதும் பலிக்காது. (கொழும்பில் இலையான் எதில்தான் மொய்க்காது?)

பேத்தை மீனின் நஞ்சும் பெரும்பாலும் இரை வழியாக வந்ததுதான். ஜப்பானில் நஞ்சில்லாத தீனி கொடுத்து அடைத்து வளர்த்த பேத்தையில் நஞ்சு ஏறவில்லை. அதற்காகக் கடலில் பிடித்ததை யாராவது சும்மா தந்தாலும் வாங்கிவிடாதீர்கள்.

அப்புறம், முருகைக்கற்பாறை மீன்களின் ஈரலும் சினையும் கேட்டாலும் தரமாட்டோம். நஞ்சு கூடுதலாகத் தேங்குவது அங்கேதான். சினைப் பொரியல் பிரியர்கள் கோபிக்க வேண்டாம்.

மீன் சாப்பிட்டபின் வயிற்றோட்டம் கண்டு, உதடு விறைத்து, குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுடுவதுபோல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன மீன் என்று டொக்டரிடம் சொல்லுங்கள். எங்களுக்கும் ஒரு கோல் எடுங்கள். மிச்சம் இருக்கும் மீனை விற்காமல் நிறுத்திவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் மீன் கடைக்காரர், வெள்ளவத்தை