ரசீதில் இரண்டு எண்கள் வேண்டும்: பெட்ரோல் விற்பனை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பெட்ரோல் நிறுவனங்களின் சில்லறை விற்பனை அதிகாரிகள், சென்னை மண்டலம்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

சென்ற வியாழக்கிழமை காலை என் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. நான் அளித்திருந்த புகார் திருப்திகரமாகத் தீர்த்துவைக்கப்பட்டது என்று அதில் இருந்தது. யாருடைய திருப்தி என்று அதில் குறிப்பிடப்படவில்லை. என்னை ஒருவரும் அழைக்கவில்லை. சம்பந்தப்பட்ட பங்க்குக்கு ஒருவரும் சென்று பார்த்ததாகவும் தெரியவில்லை. நான் கேட்ட கேள்வி மட்டும் கேட்ட இடத்திலேயே நிற்கிறது. அது எந்த நிறுவனத்தின் பங்க் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. நான் கேட்பது உங்கள் எல்லோரிடமும் ஒன்றுதான்: வண்டியில் ஊற்றும் பெட்ரோலின் ஆக்டேன் எண்ணையும் (எஞ்சினுக்குள் அது முந்திக்கொண்டு வெடிக்காமல் பொறுத்திருக்கும் தன்மையைச் சொல்லும் எண்), அதில் கலந்திருக்கும் எத்தனால் என்னும் ஆல்கஹாலின் விழுக்காட்டையும் குழாயிலும் ரசீதிலும் அச்சிட்டுத் தாருங்கள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மே மாதம், அக்னி நட்சத்திர வெயில் உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். என்னுடையது இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின் பொருத்திய ஜெர்மானிய செடான்; ஏழு ஆண்டு பழையதை, வெகுகாலச் சேமிப்பைக் கொண்டு, இரண்டாம் கையாக வாங்கினேன். வண்டியின் பெட்ரோல் மூடியைத் திறந்தால் உட்புறம் ஒரு சிறு ஒட்டுத்தாள் தெரியும்: ஆக்டேன் 95 ஊற்றுக, கிடைக்காவிட்டால் 91 ஊற்றலாம், ஆனால் எஞ்சினின் திறன் குறையும். இவ்வளவு தெளிவாக வண்டி சொல்லிவிடுகிறது. பங்க்தான் சொல்ல மறுக்கிறது.

வழியில் பெட்ரோல் போட நின்ற பங்க்கில், எனக்கு முன்னால் உணவு விநியோகம் செய்யும் தம்பி ஒருவர் 110 சிசி பைக்கோடு நின்றார். நூறு ரூபாய்க்குப் போடச் சொன்னார். எந்தப் பெட்ரோல் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. பிரீமியம் குழாய் அவர் டாங்கிக்குள் இறங்கிவிட்டது. ஒரு லிட்டர்கூட விழவில்லை என்பதை மீட்டரில் பார்த்துவிட்டு அவர் காரணம் கேட்டபோது, “நார்மல் காலிண்ணா, இது போட்டா பிக்கப் நல்லா இருக்கும்” என்று பதில் வந்தது. அடுத்து என் முறை. அதே ஊழியர், அதே சிரிப்பு. “95 இருக்கிறதா?” என்றேன். “பிரீமியம் இருக்கு சார்” என்றார். “அது 95தானா?” என்று மீண்டும் கேட்டேன். “பிரீமியம்தான் சார், ஜீரோ பாத்துக்கோங்க” என்றார்.

ஜீரோவைப் பார்த்துக்கொண்டேன். சென்னையில் வண்டி ஓட்டும் எவரும் ஜீரோ பார்க்கத் தவறுவதில்லை. அந்த ஒரு பழக்கத்தை நீங்கள் எங்களுக்கு நன்றாகவே கற்றுத்தந்திருக்கிறீர்கள். ஆனால் ஜீரோவுக்குப் பிறகு குழாயில் வருவது எது என்பதைப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை. குழாயின் மேல் ஒட்டப்பட்டிருந்த தாள் வெயிலில் வெளுத்து, பாதி கிழிந்திருந்தது. கையில் வந்த ரசீதில் லிட்டர் இருந்தது, விலை இருந்தது, வண்டி எண்ணுக்கான இடம் வெற்றாக இருந்தது, பொருளின் பெயர் ‘எம்எஸ்’ என்று இருந்தது. மோட்டார் ஸ்பிரிட் என்பதன் சுருக்கம் அது. சாதாரணமா பிரீமியமா என்பதுகூட அந்த இரண்டெழுத்தில் இல்லை. விலையை லிட்டரால் வகுத்துப் பார்த்துத்தான் நான் வாங்கியது எது என்று ஊகிக்க வேண்டியிருந்தது.

ஆக்டேன் எண் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இம்மடலைப் படிக்கக்கூடிய மற்றவர்களுக்காக ஒரு பத்தி எழுத அனுமதியுங்கள். அந்த எண் பெட்ரோலின் சக்தியைக் குறிப்பதன்று. அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகப் பற்றிக்கொள்ளாமல், தீப்பொறி விழும்வரை பெட்ரோல் எவ்வளவு பொறுத்திருக்கும் என்பதையே அது குறிக்கிறது. ஐசோ-ஆக்டேன் என்னும் பொருளுக்கு 100 என்றும், ஹெப்டேனுக்கு 0 என்றும் வைத்துக்கொண்டு, சோதனைக்கென்றே செய்யப்பட்ட ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் ஓட்டி ஒப்பிட்டு அந்த எண்ணைக் காண்கிறார்கள். அந்தத் தம்பியின் பைக் எஞ்சினுக்கு 91 போதும். 95 ஊற்றினாலும் அதைப் பயன்படுத்திக்கொள்ளும் வழி அதற்கில்லை. டர்போ எஞ்சினின் கதை வேறு. காற்றை முன்கூட்டியே நெருக்கி உள்ளே தள்ளுவதால் பெட்ரோல் அவசரப்பட்டு வெடிக்கப் பார்க்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்லும் தட்டல் அதுதான். அதை ஒரு உணரி கேட்டவுடன் வண்டியின் கணினி தீப்பொறி விழும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி எஞ்சினைக் காப்பாற்றிவிடும். விலையாக வேகமும் மைலேஜும் குறையும். உள்ளே போகும் காற்றே அடுப்பனல்போல இருக்கும் சென்னை மே மாதத்தில் இந்தப் பின்வாங்கல் இன்னும் சீக்கிரம் தொடங்கும்.

மறுநாள் காலை தாம்பரத்திலிருந்து மதுரவாயல் புறவழிச்சாலையில் சென்றபோது, வண்டியின் கணினியோடு இணைக்கும் சிறு கருவியைப் பொருத்திக் கைப்பேசியில் பார்த்தேன். வழக்கமாக அதே சாலையில், அதே வேகத்தில், எஞ்சின் தண்டின் சுழற்சியில் ஒன்றிரண்டு பாகைக்கு மேல் போகாத தீப்பொறியின் பின்வாங்கல், அன்று மூன்றாம் சிலிண்டரில் ஆறு பாகையைத் தொட்டது. இது சான்றாகாது என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். வெயில் காரணமாக இருக்கலாம், பிளக் காரணமாக இருக்கலாம், முந்தைய பெட்ரோலின் மிச்சம் காரணமாக இருக்கலாம். பங்க்கில் தவறு நடந்தது என்று நான் அறுதியிடவில்லை. நடக்கவில்லை என்று தெரிந்துகொள்ளவும் எனக்கு வழியில்லை என்பதே என் குறை.

இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அளவில் ஐயம் வந்தால், முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவையைக் கொண்டுவரச் சொல்லி ஊற்றிப் பார்க்கும் உரிமை எனக்கு உண்டு. கலப்படம் என்று தோன்றினால் வடிதாளில் ஒரு சொட்டு விட்டு, கறை மிஞ்சுகிறதா என்று பார்க்கலாம். அடர்த்தியைக் கேட்டால் அன்றைய பதிவேட்டைக் காட்டியாக வேண்டும். இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள்; நன்றியோடு குறிப்பிடுகிறேன். ஆனால் நீங்கள் லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடுதலாக வாங்குவது அளவுக்காகவும் அன்று, அடர்த்திக்காகவும் அன்று. எந்த ஒன்றுக்காகக் கூடுதல் பணம் தருகிறேனோ, அந்த ஒன்றை மட்டும் வாங்குபவன் பங்க்கில் நின்று சோதிக்க முடியாது. 1969 முதல் மணலியில் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கப்படும் நகரம் இது. ஆலையை விட்டுப் புறப்படும்போது ஒவ்வொரு சரக்கின் ஆக்டேன் எண்ணும் உங்கள் தாள்களில் இருக்கிறது. எங்கள் டாங்கிக்கு வந்து சேர்வதற்குள் அந்தத் தகவல் வழியில் எங்கேயோ தொலைந்துவிடுகிறது.

குழப்பம் இத்தோடு நிற்கவில்லை. வாகனப் புகைக்கு அரசு வகுத்த வரம்புகளில் பாரத் ஸ்டேஜ் 2 காலத்தில் 88 ஆக இருந்த ஆக்டேன், பாரத் ஸ்டேஜ் 6இல் 91 ஆக உயர்ந்தது என்றும், இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பிறகு 95 ஆகிவிட்டது என்றும் 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே அறிக்கை வெளியிட்டது. எத்தனாலின் சொந்த ஆக்டேன் எண் 108 அளவில் இருப்பதால், இந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் சாதாரணப் பெட்ரோலே இப்போது 95 என்றால், 95 என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கப்படும் பிரீமியத்தில் நான் வாங்குவது எதை? எஞ்சினைச் சுத்தம் செய்யும் ரசாயனத்தை மட்டுமா? அப்படியானால் அப்படியே சொல்லுங்கள், வேண்டுபவர் வாங்கிக்கொள்வார். பிரீமியத்தின் எண் இப்போது 95க்கும் மேலே போய்விட்டதா? அதையாவது சொல்லுங்கள், மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வேன்.

எத்தனால் விழுக்காட்டையும் சேர்த்துக் கேட்பது இதனால்தான். என் வண்டியின் கையேடு பத்து விழுக்காடு வரை எத்தனாலை அனுமதிக்கிறது. அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. ஆகவே மைலேஜ் குறைவதும் இயல்பு. நாக்கிங்கைத் தடுப்பதில் எத்தனால் நல்லது, பழைய வண்டியின் ரப்பர்க் குழாய்களுக்கு அது அவ்வளவு நல்லதில்லை. ஒரே பொருளில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் கலந்து வரும்போது, எதை எவ்வளவு ஏற்பது என்று வண்டிக்காரன் முடிவு செய்ய இரண்டு எண்களும் அவன் கண்முன் இருக்க வேண்டும். 2020 டிசம்பரில் நாட்டில் முதன்முதலாக வந்த 100 ஆக்டேன் பெட்ரோல் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லக்கூடும். லிட்டர் நூற்றைம்பது ரூபாயைத் தாண்டும் அந்தப் பெட்ரோலைத் தேடி நகரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்வருவதற்கே ஒரு லிட்டர் செலவாகிவிடுகிறது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் வார இறுதியில் ஓட்டுபவருக்கு அது பொருந்தலாம். கத்திப்பாரா நெரிசலில் தினமும் முக்கால் மணி நேரம் முதல் கியரில் ஊர்பவனுக்கு அது வீண் ஆடம்பரம்.

வெளிநாட்டு உதாரணம் காட்டினால் சலித்துக்கொள்வீர்கள் என்று தெரியும். ஆயினும் ஒன்று. அமெரிக்காவில் ஒவ்வொரு பம்பிலும் மஞ்சள் தாளில் கறுப்பு எண்களாக ஆக்டேன் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. ஐரோப்பாவில் எத்தனால் அளவைக் குறிக்கும் வட்ட முத்திரை 2018 முதல் குழாயிலும் வண்டி மூடியிலும் ஒன்றுபோல இருக்கிறது. இங்கோ எண் எழுதப்படாததால், அட்லாண்டாவில் இருக்கும் என் சித்தப்பா மகன் “உனக்கு 91 போதும், அதுதான் பிரீமியம்” என்று தொலைபேசியில் அடித்துச் சொல்கிறான். அங்கே இரண்டு வகைச் சோதனைகளின் சராசரியை எண்ணாக எழுதுகிறார்கள். அவர்களுடைய 87தான் நம்முடைய 91க்கு ஏறத்தாழச் சமம் என்பதை விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அது உங்கள் தவறன்று. ஆனால் இங்கே எண்ணும் அதன் முறையும் எழுதப்பட்டிருந்தால் அந்த அரை மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

பங்க்குகளில் பிரீமியம் விளம்பரத்துக்காக நீங்கள் எழுப்பும் பலகைகளைப் பார்க்கிறேன். சிறுத்தை பாய்கிறது, மின்னல் வெட்டுகிறது, சாலை தீப்பிடிக்கிறது. ஒரு சிறுத்தைக்கு ஆகும் மைச்செலவில் பத்துக் குழாய்களுக்கு இரண்டிரண்டு எண்களை அச்சிட்டுவிடலாம். காற்றடிக்கும் இயந்திரம் ஆண்டில் பாதி நாள் பழுதாகிக் கிடப்பதையும், கழிவறைச் சாவி எப்போதும் மேலாளரோடு வீட்டுக்குப் போய்விடுவதையும் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இம்மடல் முடியாது. அவற்றை இன்னொரு புகாராக அனுப்பி, இன்னொரு குறுஞ்செய்தியைப் பெற்றுக்கொள்கிறேன். சொல்லில் சூடு ஏறிவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

ஆகவே பணிவோடு மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். சென்னை மண்டலத்தில் உங்கள் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு பங்க்கிலும், சாதாரணமானாலும் பிரீமியமானாலும், ஆக்டேன் எண்ணும் எத்தனால் விழுக்காடும் குழாயில் தமிழிலும் ரசீதில் தெளிவாகவும் இருக்கட்டும். பிரீமியம் ஊற்றுவதற்கு முன் வாயால் கேட்டுவிட்டு ஊற்றும்படி ஊழியர்களுக்கு அறிவுறுத்துங்கள். அவர்கள் தலையில் விற்பனை இலக்கைச் சுமத்தியிருந்தால் அதை முதலில் இறக்குங்கள். அன்றிரவு என்னிடம் பேசிய ஊழியர் மீது எனக்குக் குறையில்லை, அவர் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். குழாயில் இருப்பது என்ன எண் என்று அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

அதுவரை நான் எல்லாப் பங்க்கிலும் “95தானா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பேன், பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ரசீதை நகலெடுத்து வைத்திருக்கிறேன், ஏனெனில் அசலில் மை இப்போதே மங்கத் தொடங்கிவிட்டது. பதில் எழுதுவதானால் குறுஞ்செய்தியாக அன்றி, கையொப்பமிட்ட கடிதமாக அனுப்புமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் ரசீதில் ‘எம்எஸ்’ வாங்கியவனாகப் பதிவான ஒரு வாடிக்கையாளன்,
சென்னை.