வீடியோ மட்டும் பார்த்தால் தகுதி வராது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கா வரும் நம் பெண்களுக்கான குறுகிய காலப் படிப்புகள் பற்றிய கட்டுரையில், வேலையிடப் போதைப்பொருள் சோதனைக்குச் சிறுநீர் மாதிரி சேகரிக்கும் வேலையையும் சொல்லியிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் ‘வீடியோ பார்த்தே சான்றிதழ் வாங்கிவிடலாம்’ என்பது சரியல்ல. ஹூஸ்டனில் இதே வேலை செய்பவள் என்பதால் எழுதுகிறேன்.

லாரி ஓட்டுநர், விமான மெக்கானிக் போன்றவர்களுக்கான சோதனை அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதிப்படி நடப்பது. பாடம் முடித்தபின், தகுதியுள்ள ஒருவர் நேரிலோ நேரலையிலோ பார்த்துக்கொண்டிருக்க, தொடர்ந்து 5 ஒத்திகைகளைப் பிழையில்லாமல் செய்து காட்ட வேண்டும். இரண்டு சாதாரணமானவை. மற்ற மூன்றில்தான் விஷயம் இருக்கிறது: சிறுநீர் அளவு போதாமல் வருவது, சூடு சரியில்லாமல் வருவது, சிறுநீர் கொடுப்பவர் படிவத்தில் கையெழுத்துப் போட மறுப்பது.

எனக்குப் பயிற்சி தந்த அம்மா, மஞ்சள் கலர் கலந்த தண்ணீரைக் கப்பில் ஊற்றி நீட்டுவார். 4 நிமிடத்துக்குள் கப்பில் ஒட்டிய பட்டையைப் பார்த்து, சூடு 90 முதல் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். குறைந்தது 45 மில்லி வேண்டும். 30 ஒரு பாட்டிலுக்கு, 15 இன்னொன்றுக்கு. கொடுத்தவரின் கண்ணெதிரே சீல் ஒட்டிய பிறகுதான் அதில் அவர் சுருக்கொப்பம் இட வேண்டும். முன்கூட்டியே வாங்கி வைத்தால் அந்த அம்மா முதலிலிருந்து செய்யச் சொல்வார். அந்தக் கண்டிப்புக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

போதிய அளவு சிறுநீர் தர முடியாத ஒருவரை விரட்டக் கூடாது. 3 மணி நேரம் வரை அவகாசம் உண்டு. அதற்குள் சுமார் 1.2 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கச் சொல்லலாம், கட்டாயப்படுத்த முடியாது. படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்தால் குறிப்புப் பகுதியில் எழுதிவிட்டுச் சேகரிப்பை முடிக்க வேண்டும், அவ்வளவுதான். பழகாதவர் பதறிப்போய் ‘சோதனைக்கே மறுத்தார்’ என்று எழுதினால், போதைப்பொருள் எடுத்தவர் போலவே அந்த ஓட்டுநரும் வண்டியிலிருந்து இறக்கப்படுவார். ஒரு குடும்பத்தின் சம்பளம் நம் பேனாவில் இருக்கிறது.

என் தோழி ஒருத்தி வீடியோ படிப்புக்குப் பணம் கட்டி, அழகான சான்றிதழோடு ஒரு கிளினிக்குக்குப் போனாள். ‘ஒத்திகையை யார் பார்த்தார்கள்? அந்தப் பதிவு எங்கே?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பணத்தை விட, அவள் முகம் வாடியதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த நிறுவனமோ அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை.

இதற்கு லேப் டெக்னீஷியன் படிப்பு தேவையில்லை. பொறுமை இருந்தால் யாரும் கற்கலாம். சேகரிப்பு வழிகாட்டி போக்குவரத்துத் துறையின் வலைத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் அதைப் படிக்கலாம். பணம் கட்டும் முன், ‘என் 5 ஒத்திகைகளையும் யார் பார்ப்பார், எழுத்தில் தருவீர்களா?’ என்று கேட்கச் சொல்லுங்கள். 5 ஆண்டுக்கு ஒருமுறை மறுபயிற்சி உண்டு என்பதையும் சேர்த்து ஒரு திருத்தம் வெளியிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
வாசகி, ஹூஸ்டன், டெக்சாஸ்