மீட்க வந்தவர்களை ஏன் பூட்டிவைத்தீர்கள்?

அன்புள்ள ஜோனதன் பிரேக்ஸ் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் இயக்கிய 'தண்டர்பேர்ட்ஸ்' படத்தை 2004 ஜூலையில், பிரிட்டனில் அது வெளியான நாட்களிலேயே, என் மகளோடு போய்ப் பார்த்தேன். இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. சென்ற மாதம் வீட்டில் அதை மறுபடியும் முழுவதும் பார்த்தேன். நாள் ஆகிவிட்டதே, மனம் இளகியிருக்கும் என்று நினைத்திருந்தேன். இளகவில்லை. அன்று தியேட்டர் படியில் இறங்கும்போது இருந்த அதே வருத்தம், அதே இடத்தில் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். தமிழில் எழுதுகிறேன். உரிமையோடு சண்டை போட எனக்கு இந்த மொழிதான் வரும்.

நான் 1990-ல் பிரிட்டனுக்கு வந்தவன். லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் என்ற ஊரின் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில் வேலை. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் மார்ஸ் தொழிற்சாலையிலிருந்து சாக்லேட் வாசனை வரும். மற்றபடி செங்கல் சுவர்களும் லாரிகளும் மட்டுமே உள்ள இடம். அடுத்த ஆண்டு செப்டம்பரில் பிபிசி 2 வெள்ளிக்கிழமை மாலைகளில் 'தண்டர்பேர்ட்ஸ்' பழைய பொம்மைத் தொடரை மறுபடி ஒளிபரப்பத் தொடங்கியது. ஒரு தீவில் வாழும் டிரேசி குடும்பத்து அப்பாவும் ஐந்து மகன்களும், தண்டர்பேர்ட் என்று எண் போட்ட ஐந்து வாகனங்களைக் கொண்டு ஆபத்தில் சிக்கியவர்களை மீட்கும் கதை. என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. வேலை முடிந்து நான் வீட்டுக்குள் நுழையும்போது எண்ணிக்கை தொடங்கியிருக்கும். ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. அவள் ஆங்கிலத்தில் தலைகீழாக எண்ணக் கற்றது அப்படித்தான்.

கிடங்கில் என்னோடு வேலை பார்த்த ஒரு முதியவர்தான் ஒருநாள் தேநீர் இடைவேளையில் சொன்னார்: அந்தப் பொம்மைகளைப் படம் பிடித்தது இதே தொழிற்பேட்டையில்தான் என்று. நான் நம்பவில்லை. உண்மைதான். 1964-லிருந்து 1966 வரை ஜெரி ஆண்டர்சன், சில்வியா ஆண்டர்சன் தம்பதியின் நிறுவனம் இங்கேதான் அந்த 32 அத்தியாயங்களையும் எடுத்தது. தென் பசிபிக் தீவும், அணுசக்தி விமானமும், விண்வெளி நிலையமும், நான் தினமும் பெட்டிகள் அடுக்கிய கூரையைப் போன்ற ஒரு கூரையின் கீழ்தான் உருவாயின. அன்றிலிருந்து எனக்கு அந்தத் தெருக்களின் மேல் ஒரு மரியாதை.

நீங்கள் அந்தத் தொடரைப் பார்த்தீர்கள். ஆனால் அது எங்கிருந்து பிறந்தது என்பதைப் பார்த்தீர்களா என்பதுதான் என் சந்தேகம்.

1963 அக்டோபர் 24. மேற்கு ஜெர்மனியில் லெங்கடே என்ற ஊரின் இரும்புச் சுரங்கத்துக்குள், மேலே இருந்த ஒரு கழிவுநீர்க் குளம் உடைந்து கொட்டியது. உள்ளே 129 பேர். பலர் உடனே தப்பினார்கள். சிலரை அடுத்தடுத்த நாட்களில் எடுத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை என்று முடிவாகி, அஞ்சலிக் கூட்டத்துக்கே நாள் குறித்துவிட்டார்கள். ஆனாலும், கைவிடப்பட்ட பழைய பகுதிக்குள் இன்னும் ஒரே ஒரு துளை போட்டுப் பார்ப்போம் என்று போட்டார்கள். துளையின் அடியிலிருந்து தட்டும் சத்தம் வந்தது. பதினொரு பேர், இருட்டில், இடிந்துகொண்டே இருக்கும் பாறையின் கீழே. அவர்களை ஒவ்வொருவராக, ஒரு மனிதன் மட்டுமே நிற்கக்கூடிய குழல் போன்ற கூண்டில் மேலே தூக்கியது நவம்பர் 7 அன்று. பதினான்கு நாட்கள். 29 பேர் இறந்துபோனார்கள்.

துளையிடும் பெரிய இயந்திரம் வெகுதூரத்திலிருந்து வந்து சேர வேண்டியிருந்தது என்ற செய்திதான் ஜெரி ஆண்டர்சனைத் தைத்தது. இப்படிப்பட்ட கருவிகள் தயாராக ஓர் இடத்தில் இருந்தால், கூப்பிட்டவுடன் பறந்து வந்தால், எத்தனை பேர் பிழைப்பார்கள்? சர்வதேச மீட்புக் குழு பிறந்தது இந்தக் கேள்வியிலிருந்து. தொடரில் மோல் என்ற நிலந்துளைக்கும் வண்டி இருப்பது தற்செயல் அல்ல. 'தண்டர்பேர்ட்' என்ற பெயரும், போரில் உயிரிழந்த அவருடைய அண்ணன் லயனல், விமானப்படைப் பயிற்சியின்போது அமெரிக்காவிலிருந்து எழுதிய கடிதத்தில் வந்த ஒரு விமானத்தளத்தின் பெயர். அந்தச் சொல்லுக்குள் வராமல் போன ஒருவரும் இருக்கிறார்.

உங்கள் படத்தில் அந்த மோல் வண்டியை வில்லன் வங்கிக் கொள்ளைக்கு ஓட்டிப் போகிறான். கதைக்கு அது பொருந்தலாம். ஆனால் எதிர்த்திசையில் அது நல்ல வேலைக்குப் போவதை நீங்கள் ஒருமுறையாவது எங்களுக்குக் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை.

தொடரின் முதல் அத்தியாயத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஃபயர்ஃபிளாஷ் என்ற அணுசக்திப் பயணிகள் விமானம். அதன் சக்கரப் பகுதியில் குண்டு. தரையிறங்கினால் வெடிக்கும். இறங்காமல் பறந்துகொண்டே இருந்தால் கதிர்வீச்சுக் கவசம் தாங்காது. வழி ஒன்றுதான்: ஓடுபாதையில் மூன்று தாழ்ந்த வண்டிகளை விமானத்தின் வேகத்துக்கே ஓட்டி, அவற்றின் முதுகில் அதை இறக்க வேண்டும். ஒரு வண்டியை டிரேசியின் மகன்களில் ஒருவரான வர்ஜில் ஓட்டுகிறார், மற்றவை ரேடியோவில் ஓடுகின்றன. பாதி வழியில் ஒரு வண்டி கட்டுப்பாடு இழந்து சிதறுகிறது. விமானம் மறுபடி மேலேறிச் சுற்றி வர வேண்டும். மாற்று வண்டி வர வேண்டும். வில்லனைத் துரத்தும் வேலையெல்லாம் அந்த நேரத்தில் ஓரமாகத்தான் நடக்கிறது. நம் மூச்சு நிற்பது அந்த ஓடுபாதையில்தான். தொடருக்குப் பணம் போட்ட லூ கிரேட் இந்த அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு, இது அரை மணி நேரத்துக்குரிய பண்டம் அல்ல, ஒரு மணி நேரத் தொடராக மாற்றுங்கள் என்று கட்டளையிட்டார். பணம் போட்டவருக்கே புரிந்தது, இதில் சுவை எங்கே இருக்கிறதென்று.

நீங்கள் என்ன செய்தீர்கள்? ரஷ்ய எண்ணெய்க் கிணற்றுத் தீயை ஆரம்பத்தில் ஓட்டமாகக் காட்டினீர்கள். பிறகு அப்பா ஜெஃப் டிரேசியையும் மூத்த மகன்கள் நால்வரையும் ஐந்தாம் எண் விண்வெளி நிலையத்தில் பிராணவாயு இல்லாமல் அடைத்துவிட்டீர்கள். கடைசிப் பகுதி வரை அவர்கள் அங்கேயே கிடக்கிறார்கள். ஸ்காட், வர்ஜில், கார்டன், ஜான். மெர்குரி விண்வெளி வீரர்களின் பெயர்களை ஆண்டர்சன் தம்பதியர் தேடி வைத்த இந்தப் பிள்ளைகளில் ஒருவருக்காவது உங்கள் படத்தில் தனி முகம் இருக்கிறதா? இரண்டு முறை பார்த்தும் என்னால் யார் வர்ஜில் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மீதிப் படம், பள்ளி விடுமுறைக்கு வந்த கடைசி மகன் ஆலனும் அவன் நண்பர்கள் ஃபெர்மட்டும் டின்டின்னும் தீவின் காட்டுக்குள் வில்லனின் ஆட்களிடம் அகப்படாமல் ஓடும் கதை. மீட்புக் குழுவைப் பற்றிய படத்தில், மீட்கப்பட வேண்டியவர்கள் மீட்புக் குழுவினரே.

குழந்தைகளுக்கான படம், அதனால் திரையில் குழந்தைகள் வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்த ஆண்டுகளில் சிறுவர் சாகசப் படங்கள் நன்றாக ஓடின, அதுவும் காரணமாக இருக்கும். ஆனால் இதில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. என் வீட்டில் கண்டதைச் சொல்கிறேன்.

1992 கிறிஸ்துமஸில், மீட்புக் குழு வாழும் டிரேசி தீவின் பொம்மை எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. நாடே அலைந்தது. பிபிசியின் சிறுவர் நிகழ்ச்சியில் வீட்டுப் பொருட்களால் அந்தத் தீவைச் செய்வது எப்படி என்று காட்டினார்கள். என் மகளும் நானும் சமையலறை மேசையில் செய்தித்தாளைப் பசையில் ஊறவைத்து மலை கட்டினோம். சீஸ் டப்பா வட்ட வீடானது. தயிர்க் கோப்பை, கழிவறைக் காகிதத்தின் உருளை, என் பழைய சட்டையின் பொத்தான். காய மூன்று நாள் ஆனது. அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்தத் தீவில் மீட்புதான் நடந்தது. கரண்டிக்குக் கீழே மாட்டிய எறும்பு, சோபாவுக்கு அடியில் விழுந்த பென்சில், எல்லோரும் காப்பாற்றப்பட்டார்கள். அந்த விளையாட்டில் அவள் ஒருநாளும் சிறுமியாக இருந்ததில்லை. அவள் எப்போதும் வர்ஜில். வளர்ந்தவர், வேலை தெரிந்தவர், பதறாதவர். குழந்தைகள் திரையில் தேடுவது தங்கள் வயதை என்று யார் உங்களிடம் சொன்னது?

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், இதைப் பலரும் கவனிப்பதில்லை. அந்தப் பொம்மைகளால் நடக்க முடியாது. மெல்லிய கம்பிகளில் தொங்கும் இரண்டடிக்கும் குறைந்த உருவங்கள். தலைக்குள் உதட்டை அசைக்கும் சிறு மின்கருவி. நடக்கவைத்தால் கால் தரையில் பதியாமல் தள்ளாடும். எனவே ஆண்டர்சன் குழு அவர்களை நடக்கவிடாமல் இருக்க ஆயிரம் வழி கண்டுபிடித்தது. நகரும் பாதை, பறக்கும் இருக்கை, இறங்கும் சோபா. வர்ஜில் ராக்கெட் படம் மாட்டிய சுவரில் சாய்கிறார். படம் அப்படியே கவிழ்கிறது. தலைகீழாகச் சறுக்கிப் போகிறார், நடுவில் ஒரு தட்டு அவரைத் திருப்பிவிடுகிறது, கால் முன்னே நீட்டியபடி விமானியின் இருக்கையில் போய்ச் சேர்கிறார். கீழே மீட்புக் கருவிகள் ஏற்றிய பெட்டகங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து, வேண்டியது வந்து நிற்கிறது. விமானத்தின் பச்சை நிற உடல் அதன் மேல் இறங்கி மூடுகிறது. பாறைச் சுவர் கீழே சாய்கிறது. இரண்டாம் எண் தண்டர்பேர்ட் மெதுவாக, யானை லாயத்திலிருந்து வருவது போல வெளியே வருகிறது. இருபுறமும் பனைமரங்கள் விலகிச் சாய்ந்து வழிவிடுகின்றன. மேடை நிமிர்கிறது. பின்னால் பேரி கிரேயின் இசை. எங்கோ ஒருவர் செத்துக்கொண்டிருக்கும்போது இவ்வளவு நேரமா என்று என் மகள் ஒருநாளும் கேட்டதில்லை. முறையாகச் செய்தால்தான் போய்ச் சேர முடியும் என்று அந்தக் காட்சி அவளை நம்பவைத்திருந்தது.

பொம்மையின் குறையிலிருந்து பிறந்த அந்த நிதானம்தான் தொடரின் உயிர். உங்களுக்கு நடக்கவும் ஓடவும் தெரிந்த மனிதர்கள் கிடைத்தார்கள். அவர்களை ஓடவிட்டீர்கள்.

டெரெக் மெடிங்ஸ் என்ற மனிதரை நினைத்துக்கொள்கிறேன். அந்த விமானங்களையும் வெடிப்புகளையும் செய்தவர். ஓடுபாதையை உருளைகளில் சுழலவிட்டு, விமானத்தை அசையாமல் தொங்கவிட்டு, ஓட்டத்தை உண்டாக்கினார். கேமராவைப் பல மடங்கு வேகத்தில் ஓட்டி, உள்ளங்கை அளவு நெருப்புக்குக் கட்டடத்தின் எடையைக் கொடுத்தார். பின்னாளில் ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்கும் 'சூப்பர்மேன்' படத்துக்கும் உழைத்தார், அதற்கு ஆஸ்கரும் பெற்றார். அவருடைய தண்டர்பேர்ட் 2-ன் பக்கவாட்டில் புகைக் கறை இருக்கும், பெயின்ட் உரிந்திருக்கும். நேற்றும் எங்கோ வேலைக்குப் போய் வந்த வண்டி என்று பார்த்தவுடன் தெரியும். உங்கள் படத்தின் விமானங்கள் கணினியில் பிறந்தவை. பளபளவென்று இருந்தன. எங்கும் போய் வந்த சுவடு இல்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். மீட்புக் குழுவின் லண்டன் உளவாளியாக வரும் சோபியா மைல்ஸின் லேடி பெனலொப்பியும், அவருடைய கார் ஓட்டுநராக வரும் ரான் குக்கின் பார்க்கரும் அருமை. அவர்கள் வரும்போதெல்லாம் படம் நிமிர்ந்து உட்கார்கிறது. அவர்களுடைய ரோல்ஸ் ராய்ஸ் போய் ஃபோர்டு வந்ததைக்கூட நான் மன்னித்துவிட்டேன். வில்லனாக வந்த பென் கிங்ஸ்லியை வீணடித்ததை மட்டும் மன்னிக்க முடியவில்லை. சுரங்கம் இடிந்தபோது ஜெஃப் டிரேசி வில்லனின் சகோதரனைக் காப்பாற்றிவிட்டு வில்லனை உள்ளேயே விட்டுப் போனார் என்பது கிங்ஸ்லியின் பாத்திரத்துக்குள்ள கோபம். பாருங்கள், லெங்கடே சுரங்கம் உங்கள் கைக்கே வந்துவிட்டது! காப்பாற்ற முடியாமல் போனவர்களிடம் மீட்பவர் என்ன பதில் சொல்வார்? இதைவிடப் பெரிய கதை இந்தத் தொடருக்கு யாராலும் தர முடியாது. அதை இரண்டு வசனத்தில் கடந்து, கிங்ஸ்லியைக் கண்ணை உருட்டச் சொல்லிவிட்டீர்கள்.

வேறு யாராவது எடுத்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். தொலைக்காட்சித் தொடரைப் பெரிய திரைக்குக் கொண்டுபோவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். 1996-ல் 'ஸ்டார் ட்ரெக்: ஃபர்ஸ்ட் கான்டாக்ட்' படத்தை இயக்கியவர் நீங்கள். அதில் பழைய அணு ஏவுகணையை விண்கலமாக மாற்றி, ஒரு பயந்த குடிகாரரையும் ஏற்றிக்கொண்டு பறக்கும் காட்சியில் பக்கத்து இருக்கையில் ரைக்கர் என்ற பாத்திரமாக உட்கார்ந்திருந்தவரும் நீங்கள்தான். வேலை தெரிந்தவர்கள் ஓர் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவதே போதுமான நாடகம் என்பதை அந்தப் படம் அறிந்திருந்தது. எட்டு வருடத்தில் எப்படி மறந்தீர்கள்? அல்லது மறக்கச் சொன்னார்களா?

சுமார் 5.7 கோடி டாலர் செலவான படம் அதில் பாதியைத்தான் ஈட்டியது. அதற்காக நான் மகிழவில்லை. ஆண்டர்சன்களே எடுத்த 1966, 1968 திரைப்படங்களும் ஓடவில்லை. உங்கள் படத்தை சில்வியா பாராட்டினார், ஜெரி வெறுத்தார். வசூலால் எதுவும் தீர்மானமாவதில்லை. ஆனால் தொடரின் ஐம்பதாம் ஆண்டில், 2015-ல், ரசிகர்கள் பணம் திரட்டி, அறுபதுகளில் இசைத்தட்டுகளுக்காகப் பதிவான அதே குரல்களை வைத்து, இதே ஸ்லவ் தொழிற்பேட்டையில், கம்பியில் தொங்கும் பொம்மைகளோடு மூன்று புது அத்தியாயங்களை எடுத்தார்கள். தயவுசெய்து அவற்றைப் பாருங்கள். பொம்மைகள் இன்னும் சரியாக நடக்கவில்லை.

அன்று தியேட்டரில் என் மகளுக்குப் பதினெட்டு வயது. கால்வாசிப் படத்திலேயே இருக்கையில் சரிந்துவிட்டாள். கடைசியில் மோனோரயில் பெட்டி தேம்ஸ் ஆற்றுக்குள் விழுகிறது. உள்ளே ஆட்கள், ஏறும் தண்ணீர். நான்காம் எண் மஞ்சள் நீர்மூழ்கி ஆற்றுக்குள் இறங்குகிறது. அவள் நிமிர்ந்து, முன் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, இப்போதுதான் ஆரம்பிக்கிறது" என்றாள். சில நிமிடங்களில் அது முடிந்து, எல்லோரும் வங்கிக்குள் சண்டை போடப் போய்விட்டார்கள். அவள் கையை எடுக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

அன்புடன்,
ஸ்லவ்விலிருந்து ஒரு ரசிகன்