முட்டை இல்லை, ஆனால் பால் இருக்கிறதே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சமையல் பக்கத்தில் ‘முட்டையில்லா கேக்: வீட்டில் எல்லோரும் சாப்பிடலாம்’ என்ற தலைப்பைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. செய்முறையில் ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க், அரை கப் தயிர், மேலே தூவ முந்திரி. என் பேரன் அதில் ஒரு துண்டு தின்றால் அவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டியதுதான்.

ஓடியும் இருக்கிறோம். பால், முட்டை, முந்திரி, வேர்க்கடலை நான்கும் அவனுக்கு ஆகாது. ஆறாவது பிறந்தநாளுக்கு ஒரு பேக்கரியில் எல்லா விவரமும் சொல்லித்தான் கேக் கேட்டோம். “எக்லெஸ்தான், தைரியமாகக் கொடுங்கள்” என்றார்கள். இரண்டு வாய்தான் தின்றான். உதடு வீங்கியது, கழுத்தெல்லாம் தடித்தது, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் பிள்ளை கண் திறந்து எங்களைப் பார்த்தான்.

அந்தக் கடைக்காரர் ஏமாற்றவில்லை. முட்டை இல்லையென்றால் எல்லாம் சரி என்று மனதார நம்பியிருக்கிறார். நம் ஊரில் எக்லெஸ் கேக்கைத் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் சைவம் சாப்பிடுகிறவர்கள். பாக்கெட்டில் உள்ள பச்சைப் புள்ளியும் அவர்களுக்கானது. பால், முந்திரியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. முட்டைக்குப் பதிலாகச் சேர்ப்பதே பெரும்பாலும் பாலும் தயிரும்தான்.

உறவினர்கள் பேசுவதும் இதே அறியாமையில்தான். “கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு, பழகிவிடும். மதுரைப் பிள்ளை ஜிகர்தண்டா குடிக்காமல் வளர்வானா?” என்கிறார்கள். பால் செரிக்காமல் வயிறு உப்புவது வேறு, ஒவ்வாமை வேறு. பாலில் உள்ள புரதத்தையே எதிரியாக நினைத்து உடல் சண்டைக்குப் போகிறது. வீட்டில் நாமாகக் கொடுத்துப் பழக்குகிற காரியமல்ல அது.

ஏழாவது பிறந்தநாளுக்கு நானே கேக் செய்தேன். மிக்ஸியில் அடிக்கலாமென்று ஜாரை எடுத்துக் கழுவினேன். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றினால், உள்ளே கடலைச் சட்னி வெள்ளைக் கோடாகக் காய்ந்து கிடக்கிறது! தினமும் கழுவுகிற ஜார். மத்தை எடுக்கலாமென்றால் அது மோர் கடைவது. கடைசியில் கீழமாசி வீதிக்குப் போய்ப் புது மரக்கரண்டி வாங்கி வந்தேன். கோக்கோ டப்பாவின் பின்னால் என்ன எழுதியிருக்கிறதென்று மகன்தான் படித்துச் சொன்னான். ஒவ்வாமை தரும் பொருள்களைப் பாக்கெட்டில் குறிப்பிட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிகள் சொல்கின்றன. ஆனால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதுமாம். சமைக்கிற பாட்டிக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டாமா?

ஒன்றரை கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, மூன்று மேசைக்கரண்டி கோக்கோ, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு. இவற்றைச் சலித்து, ஒரு கப் தண்ணீரும் ஐந்து மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயும் விட்டுக் கலக்கினேன். செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும் என்பதால் அதைத் தொடவில்லை. கடைசியாக ஒரு மேசைக்கரண்டி வினிகர். ஊற்றியதும் சோடாவோடு சேர்ந்து மாவு சின்னச் சின்னக் குமிழியாகப் பொங்கும். முட்டை செய்கிற வேலையை அந்தக் காற்றே செய்துவிடும். அது அடங்குவதற்குள், உப்புப் பரப்பிச் சூடேற்றிய குக்கருக்குள் வைத்துவிட வேண்டும். மூடியில் வளையமும் வெயிட்டும் கூடாது. முக்கால் மணி நேரத்தில் குச்சியைக் குத்திப் பார்த்தேன், ஒட்டவில்லை. மேலே தேங்காய்த் துருவல் மட்டும் தூவினேன்.

எந்த வீட்டு விசேஷத்திலும் அவன் கைக்கு ஒரு வாழைப்பழம்தான் வரும். அன்றைக்கு, “பாட்டி, இன்னொரு துண்டு எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டான்.

ஐயா, உங்கள் இதழை நம்பிச் சமைக்கிறவர்கள் நிறையப் பேர். கேக் செய்முறை எது வெளியிட்டாலும் பால், முட்டை, கோதுமை, கொட்டை வகைகள் இருக்கின்றனவா என்று அடியில் ஒரு வரி சேருங்கள். சென்ற இதழின் கேக்கில் பாலும் முந்திரியும் உண்டு என்ற திருத்தத்தை வரும் இதழிலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநகர், மதுரை.