இழுக்காத வண்டியை இழுக்க வைத்த மூவருக்கு நன்றி

மெக்கானிக் அண்ணனுக்கும், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரோடு பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த தம்பிக்கும், பிரஷர் கேஜ் கொடுத்து உதவிய ஐயாவுக்கும் வணக்கம்.

மூன்று பேரிடமும் தனித்தனியாக நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் நீங்கள் செய்ததை நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

என் காரில் ஸ்டார்ட்டிங் பிரச்சினை கிடையாது, ஐடிலிங்கும் சீராகவே இருந்தது. மெதுவாகப் போனால் ஒன்றுமே தெரியாது. என்ஜின் வேகம் 3000 ஆர்.பி.எம்.மை (நிமிடத்துக்கு 3000 சுற்று) தாண்டினால்தான் வினை: ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இழுக்காது. லாரியை முந்தும்போது, எதிரே வண்டி வரும் நேரத்தில், அப்படி ஆனால் அடிவயிறு கலங்கிவிடும்.

பெட்ரோல் சரியாக வரவில்லை என்றுதான் பலரும் சொன்னார்கள். நியாயமான சந்தேகம்தான். ஃபில்டர் அடைத்தாலும் பம்ப் பலவீனமானாலும் இதே மாதிரிதான் ஆகும். ஒரு பட்டறையில் எதையும் சோதிக்காமலேயே பம்பை மாற்றிவிடலாம் என்றார்கள். தம்பி, நீங்கள்தான் "முதல்ல அளந்து பார்ப்போம்" என்றீர்கள். பெட்ரோல் பற்றாக்குறை என்றால் என்ஜின் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் விட்டு ஈடுகட்டப் பார்க்கும், அந்தத் திருத்தத்தின் அளவான ஃபியூயல் டிரிம் பிளஸ் பக்கம் எகிறும். நம் வண்டியில் அது பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. உள்ளே வரும் காற்றின் அளவுதான் ஆர்.பி.எம்.முக்குத் தகுந்தபடி ஏறவில்லை. அதைக் கவனித்தீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

ஏர் ஃபில்டர் சுத்தமாக இருந்தது. அப்புறம் அண்ணன் சொன்னார்: "பழைய புகை வெளிய போகலைன்னா புதுக் காத்து எப்படி உள்ள வரும்?" புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் துருவேறி இறுகியிருந்தது. மரை கெடாமல் பொறுமையாகக் கழற்றி, அந்தத் துளையில் ஐயாவின் கேஜை மாட்டினார். 2500 ஆர்.பி.எம்.மில் புகையின் அழுத்தம் 3 பி.எஸ்.ஐ.க்குள் இருக்க வேண்டும்; முள் 8-ஐத் தாண்டியது. கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றி டார்ச் அடித்தால், தேனடை போல் துளை துளையாக இருக்க வேண்டிய செராமிக் உருகிக் கட்டியாகி, பெரும்பகுதி அடைத்துக் கிடந்தது.

சரி, புதிதாக ஒன்று போட்டுவிடலாம் என்று கிளம்பியபோது ஐயா நிறுத்தினார். "அது ஏன் உருகிச்சுன்னு பாத்தீங்களா?"

அந்தக் கேள்விக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும். சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் தவறும் மிஸ்ஃபயர் கணக்கைத் தம்பி எடுத்துப் பார்த்தார். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு மூன்றாவது சிலிண்டரில் மட்டும் ஏறிக்கொண்டே போனது. பிளக்கில் தீப்பொறி வர மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை வேறு சிலிண்டருக்கு இடம் மாற்றிப் போட்டதும் மிஸ்ஃபயரும் கூடவே இடம் மாறியது. அந்தக் காயில் விட்டுவிட்டு வேலை செய்ததில், சிலிண்டரில் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்திருக்கிறது. அந்தச் சூட்டில்தான் செராமிக் உருகியது. காயிலைக் கவனிக்காமல் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் இதே கதிக்குத்தான் ஆளாகியிருக்கும். காயில், பிளக், கன்வெர்ட்டர் மூன்றும் மாற்றியாயிற்று. இப்போது 5000 வரை தங்குதடையின்றி ஏறுகிறது.

அண்ணே, கை சுடுவதைக்கூடப் பொருட்படுத்தாமல் வண்டிக்கு அடியில் கிடந்தீர்கள். தம்பி, நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் சலிக்காமல் பதில் சொன்னீர்கள். ஐயா, உங்கள் கேஜைத் துடைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
உங்களால் நிம்மதியாக வண்டி ஓட்டுகிறவன்