வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்: பெர்லின் செனட்டுக்கு ஒரு திறந்த மடல்

பெர்லின் மாநில அரசான செனட்டுக்கும் ஜெர்மன் கூட்டாட்சிப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும்,

வணக்கம். ஆஸ்ட்கிராய்ட்ஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். சிறிய நாடக அரங்குகளிலும் கிளப்புகளிலும் லைட் போடுவது என் தொழில். ஏ-100 நெடுஞ்சாலையின் 17ஆவது பகுதியைக் கைவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஜெர்மன் பிரதி உங்கள் அலுவலகங்களுக்குத் தபாலில் வருகிறது. இங்கே நடப்பது தமிழர்களுக்கும் தெரியட்டும் என்று தமிழிலும் எழுதுகிறேன்.

ட்ரெப்டோ பூங்காவில் தொடங்கி, ஸ்ப்ரே ஆற்றைத் தாண்டி, ஆஸ்ட்கிராய்ட்ஸ் வழியாக ஸ்டார்கோவர் தெரு வரை சுமார் 4 கிலோமீட்டர் போடத் திட்டமிட்டிருக்கிறீர்கள். அந்தப் பாதையிலும் அதை ஒட்டியும்தான் அபவுட் பிளாங்க், எல்சே போன்ற கிளப்புகள் இருக்கின்றன. சாலை வந்தால் இவை நிலைக்காது. "அதனால் என்ன, வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்" என்ற பதிலைப் பலமுறை கேட்டுவிட்டோம்.

ஒரு காலத்தில் அந்தப் பதில் செல்லுபடியானது. பெர்லினைப் பிரித்திருந்த சுவர் விழுந்த பிறகு கிழக்கு பெர்லினில் ஆளில்லாத கட்டடங்கள் ஏராளம். 1991இல் ட்ரெசோர் கிளப் தொடங்கியது, வெர்ட்ஹைம் என்ற பழைய பல்பொருள் அங்காடியின் நிலத்தடிப் பெட்டக அறையில். துருப்பிடித்த பெட்டக வரிசைகளுக்கு நடுவே ஆடினார்கள். 2005இல் அந்த நிலம் கைமாறி, கிளப் வெளியேற வேண்டி வந்தது. இரண்டே ஆண்டுகளில் கோபனிக்கர் தெருவில் கைவிடப்பட்ட ஓர் அனல்மின் நிலையத்துக்குக் குடிபோனது. அன்றைக்கு அப்படி ஒரு மின் நிலையம் காலியாகக் கிடந்தது. இன்றைக்கு எது கிடக்கிறது? ஆற்றங்கரையில் 2002இலிருந்து நடந்த வாட்டர்கேட் கிளப், ஏறிய வாடகையையும் செலவையும் தாங்க முடியாமல் 2024 கடைசி இரவோடு மூடிவிட்டது. குத்தகை நீட்டிக்கப்படாததால் 2025 முடிவில் மூடுகிறோம் என்று வில்டே ரெனாட்டே என்ற கிளப்பும் அறிவித்தது. இவர்கள் அனுபவம் இல்லாதவர்களோ கூட்டம் சேராதவர்களோ அல்ல. போக இடமில்லை, அவ்வளவுதான்.

பெர்லின் டெக்னோ, அதாவது இந்தக் கிளப்புகளில் ஒலிக்கும் மின்னணு நடன இசை, 2024 மார்ச்சில் ஜெர்மனியின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. யுனெஸ்கோவின் ஜெர்மன் ஆணையம் பராமரிக்கும் பட்டியல் அது. எங்களுக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. ஆனால் அந்த மரபு வாழும் இடத்தின் மேல் சாலைக்குக் கோடு போட்டுவைத்திருப்பதும் அரசுதான். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

அங்கே என்ன நடக்கிறது என்று உங்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள் என்று தெரியவில்லை, அதனால் சொல்கிறேன். ஞாயிறு காலை பத்து மணி. கிளப்பின் பின்தோட்டத்தில் இருபது முப்பது பேர்தான் மிச்சம். டிஜே மேசைக்குப் பின்னால் நிற்பது இருபது வயதைத் தாண்டிய ஒரு பெண், கூட்டத்துக்கு முன் வாசிப்பது அதுதான் முதல் தடவை. ஒரு பாடலிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது தாளம் பிசகுகிறது. யாரும் முகம் சுளிக்கவில்லை. சவுண்ட் பார்ப்பவர் பின்னால் வந்து, ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போகிறார். அரைமணி நேரத்தில் கை பிடிபட்டுவிட்டது, மர நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். இப்படி வாசித்துப் பழக இரண்டு மணி நேரத்தைப் பெரிய அரங்கு எதுவும் புதியவருக்குத் தராது. திங்கள் காலை வரை திறந்திருக்கும் இடம்தான் தரும்.

அந்த நீண்ட இரவும் தானாக வந்ததல்ல. 1949இல் ஹோட்டல் தொழில் செய்த ஹைன்ஸ் செல்லர்மையர், போருக்குப் பிறகு இங்கே பொறுப்பிலிருந்த அமெரிக்கத் தளபதி பிராங்க் ஹவுலியிடம் பேசி, மேற்கு பெர்லினில் மதுக்கூடங்களை இரவில் மூடும் நேர விதியையே எடுக்கவைத்தார். அதிகாரத்தில் இருந்த ஒருவர் காதுகொடுத்துக் கேட்டதால் கிடைத்தது. அதே காதைத்தான் நாங்கள் இப்போது கேட்கிறோம்.

சாலை வந்தால் நெரிசல் குறையும் என்கிறீர்கள். இதே நெடுஞ்சாலையின் 16ஆவது பகுதி 2025 ஆகஸ்டில் திறந்தது. 3.2 கிலோமீட்டருக்கு 70 கோடி யூரோவுக்கு மேல் செலவு. திறந்த முதல் வாரங்களிலேயே ட்ரெப்டோ பக்கத் தெருக்களில் கார்கள் நகராமல் நின்றன, பஸ்களும் மாட்டிக்கொண்டன. அடுத்த பகுதியைக் கட்டினால் அந்த நெரிசல் அடுத்த வட்டாரமான ஃப்ரீட்ரிஷ்ஹைனுக்கு நகரும், வேறொன்றும் ஆகாது.

சத்தம் என்ற புகார் நியாயமானது. தூக்கம் எல்லோருக்கும் வேண்டும், எனக்கும்தான். அதற்கு வழி இருக்கிறது, நீங்களே செய்து காட்டியும் இருக்கிறீர்கள்: ஒலித்தடுப்புக்கு 2018இல் பெர்லின் பத்து லட்சம் யூரோ ஒதுக்கியது. ஏற்கெனவே கிளப் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக வீடு கட்டுபவர்தான் சத்தத்தைத் தடுக்கும் செலவை ஏற்க வேண்டும் என்ற விதி இங்கிலாந்தில் உண்டு. அதை இங்கேயும் கொண்டுவரலாம்.

இன்னொன்று. கிளப்புகளைச் சூதாட்ட அரங்குகளோடு சேர்த்துக் கேளிக்கை இடமாகப் பார்க்காமல், நாடக அரங்கு போலப் பண்பாட்டு இடமாக வகைப்படுத்த வேண்டும் என்று 2021 மே மாதம் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. தீர்மானம் மட்டும் இருந்து பயனில்லை. கட்டட அனுமதி தரும் அதிகாரியின் மேசையில் அது விதியாக வந்து சேர வேண்டும். பெர்லினின் 2025க்கான பண்பாட்டு நிதியில் சுமார் 13 கோடி யூரோ வெட்டிய பிறகு சிறிய அரங்குகளும் தள்ளாடுகின்றன. அங்கே வேலை குறையும் வாரங்களில் என்னைப் போன்றவர்கள் கிளப் வேலையை நம்பித்தான் வாடகை கட்டுகிறோம். இரண்டையும் ஒரே சமயத்தில் ஒடுக்கினால் லைட்காரரும் தச்சரும் மேடை கட்டுபவரும் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் பெரிய ஓப்பரா அரங்குக்கும் ஆள் கிடைக்காது.

செனட் இந்தச் சாலையை வேண்டாம் என்று கூட்டாட்சி அரசுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அமைச்சகம் அதைத் திட்டப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். நகரத்தின் கையில் இருக்கும் நிலத்தில் கிளப்புகளுக்கும் அரங்குகளுக்கும் நீண்டகாலக் குத்தகை கொடுங்கள். பதிலைக் கடிதமாக அனுப்பினாலும் சரி, எங்கள் வட்டாரக் கூட்டத்துக்கு நேரில் வந்து சொன்னாலும் சரி. வந்தால், சாலை போகும் பாதை முழுவதையும் உங்களோடு நடந்து காட்ட நாங்கள் தயார்.

இப்படிக்கு,
ஆஸ்ட்கிராய்ட்ஸ் பகுதியில் வசிக்கும் ஒரு மேடை விளக்குத் தொழிலாளி