அம்புக்குறி அலங்காரத்துக்கு மட்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சில நாள்களுக்கு முன் தங்கள் நாளிதழின் இளைஞர் பக்கத்தில், கணினித் திரையில் ஓடும் அம்புக்குறியை விரும்பிய உருவத்துக்கு மாற்றிக்கொள்வது எப்படி என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. பூனையின் பாதம், மயிலிறகு, கிரிக்கெட் மட்டை என்று பல உருவங்களைப் படத்துடன் காட்டியிருந்தார்கள். எழுதியவரின் உற்சாகத்தைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. ஆனால் குறிப்பு முழுவதும் இதை ஒரு பொழுதுபோக்காகவே பேசிவிட்டு முடிந்துவிட்டது. என்னைப் போன்றவர்களுக்கு அம்புக்குறியின் தோற்றத்தை மாற்றுவது மூக்குக்கண்ணாடியின் பவரை மாற்றுவதற்கு ஒப்பான காரியம். அதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லாததால்தான் எழுத நேர்ந்தது.

நான் குழித்துறையில் வசிப்பவன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்கு முன் எழுதப்பட்ட எங்கள் பக்கத்து ஆவணங்கள் பெரும்பாலும் மலையாளத்தில், கேரள வழக்கான கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கும். பாகப்பிரிவினை, வங்கிக் கடன், எல்லை வழக்கு என்று ஏதாவது ஒன்று வரும்போது, அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத இன்றைய தலைமுறையினர் பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்பி, தமிழில் பெயர்த்துத் தரும்படி கேட்கிறார்கள். திரையின் இடப்பக்கம் பழைய ஆவணம் இருக்கும். வலப்பக்கம் நான் தட்டச்சு செய்யும் பக்கம் இருக்கும். முன்பு வரி தப்பாமல் இருக்க அடிக்கோலை வைத்துப் படித்ததைப் போல, இப்போது அம்புக்குறியை வரியின் கீழே நிறுத்தி நகர்த்திக்கொண்டே படிக்கிறேன். ஆகவே நாள் முழுவதும் என் கண் தேடுவது அந்த அம்பைத்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வலக்கண்ணில் புரை அகற்றினார்கள்; இடக்கண் இன்னும் முறை வரக் காத்திருக்கிறது. வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை அம்பு நின்றால் அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு வரி மறந்துபோகும். விடுமுறைக்குப் பாறசாலையிலிருந்து வந்திருந்த மகளின் பையன், "பாட்டா, நடுவுலதானே நிக்குது, தெரியல்லியா?" என்று கேட்டான். தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளச் சிறிது வெட்கமாகத்தான் இருந்தது. அவன் உடனே எங்கிருந்தோ ஒரு வேல் உருவத்தை இறக்கி, அம்புக்கு மாற்றாகப் போட்டுக் கொடுத்தான். பொன்னிறத்தில், பார்க்கப் பிரமாதமாக இருந்தது. அதை நம்பி வேலை செய்த நான் அரைநாள் உழைப்பை இழந்தேன்.

நடந்தது இதுதான். பெயர்த்து எழுதிக்கொண்டிருந்த கோப்பைக் கைதவறி மூடப்போனேன். சேமிக்கவா, சேமிக்க வேண்டாமா, ரத்தா என்று மூன்று பொத்தான்கள் வரிசையாக வந்தன. ரத்து என்ற பொத்தானின் இடது ஓரத்தில் வேலின் நுனியைச் சரியாக வைத்து அழுத்தினேன். பதிந்ததோ அதற்கு இடப்பக்கத்தில் இருந்த ‘சேமிக்க வேண்டாம்’. முதலில் கையைத்தான் சந்தேகித்தேன். பிறகு பையனும் நானும் உட்கார்ந்து ஆராய்ந்தபோதுதான் காரணம் விளங்கியது. அம்புக்குறி என்பது வழக்கமாக 32-க்கு 32 புள்ளிகள் (பிக்சல்கள்) கொண்ட ஒரு சின்னக் கட்டத்துக்குள் வரையப்பட்ட படம். அந்தப் படம் முழுவதும் கணினிக்கு ஒரு பொருட்டே இல்லை. அதில் ஒரே ஒரு புள்ளியைத்தான் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இதற்கு ‘ஹாட்ஸ்பாட்’ என்று பெயர். கைப்பேசியில் இணையத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஹாட்ஸ்பாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. விண்டோஸ் பயன்படுத்தும் ‘கர்’ வகைக் கோப்பில், இடது மேல் மூலையிலிருந்து எத்தனை புள்ளி வலப்பக்கம், எத்தனை புள்ளி கீழே என்று இரண்டு எண்களாக இது குறிக்கப்பட்டிருக்கும். வழக்கமான சாய்ந்த அம்பின் நுனி அந்த மூலையிலேயே இருப்பதால் சிக்கல் இல்லை. எங்கள் வேலோ கட்டத்தின் நடுவில் செங்குத்தாக நின்றது. அதை வரைந்தவர் இரண்டு எண்களையும் பூஜ்யமாகவே விட்டிருந்தார். கண்ணுக்கு வேலின் நுனி ஓரிடம், கணினிக்குப் பதினைந்து புள்ளி இடப்பக்கம் வேறோரிடம். அழகான உருவங்களைப் பட்டியலிட்ட தங்கள் குறிப்பு, எந்த உருவத்தைப் போட்டாலும் முதலில் ஒரு சின்னப் பொத்தானை அழுத்திப் பார்த்து நுனி சரியாக இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த அம்பு சாய்ந்து நிற்பதற்கே ஒரு கதை உண்டு என்பதையும் அப்போது தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் டக்ளஸ் எங்கெல்பர்ட்டும் அவருடன் பணியாற்றிய பில் இங்கிலீஷும் 1964-இல் முதல் மவுஸைச் செய்து, 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பொதுமேடையில் இயக்கிக் காட்டியபோது, திரையில் இருந்த அம்பு நேராக மேல்நோக்கி நின்றது. பிறகு 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ‘ஆல்டோ’ என்ற கணினியை உருவாக்கியபோது, 16-க்கு 16 புள்ளிகளுக்குள் அந்த நேர் அம்பு தெளிவாகத் தெரியவில்லை. ஒரு பக்கத்தைச் செங்குத்தாகவும் மறுபக்கத்தை 45 பாகைச் சரிவாகவும் வைத்தால் புள்ளிகள் படிக்கட்டாக உடையாமல் கோடு சுத்தமாக விழுகிறது என்பதால் இடப்பக்கம் சாய்த்தார்கள். இன்று நாம் காணும் உருவம் அப்படிப் பிறந்தது. வெள்ளை உடலும் கறுப்பு விளிம்பும் சேர்ந்திருப்பதால், வெளிர்ந்த பின்னணியில் விளிம்பும் இருண்ட பின்னணியில் உடலும் தெரிகின்றன. ஆகவே பார்வைக்கு ஏற்ப இந்த உருவத்தை மாற்றுவது அதைப் படைத்தவர்களே தொடங்கிவைத்த வழக்கம். ஆனால் அன்றைய சின்னத் திரைக்குப் போதுமாக இருந்த உருவம், புள்ளிகள் நெருங்கிய இன்றைய பெரிய திரையில் எறும்பைப் போல ஊர்கிறது.

தமிழில் மவுஸுக்குச் ‘சுட்டி’ என்று பெயர் வைத்தவர் யாரோ, அவரை நினைத்து மகிழ்வதுண்டு. அ, இ, உ என்ற சுட்டெழுத்துகளைத் திண்ணைப் பள்ளியில் படித்த எனக்கு, சுட்டுவது இன்னதென்று தெரியாவிட்டால் வாக்கியமே நிற்காது என்பது மனப்பாடம்.

அந்த வேல் உருவத்தை அகற்றிவிட்டு நாங்கள் செய்த மாற்றத்துக்கு ஒரு காசு செலவில்லை. எதையும் இறக்கவும் இல்லை. விண்டோஸ் 10-இல் 2019 மே மாதப் பதிப்பு முதல் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் ‘ஆக்ஸஸிபிலிட்டி’ என்ற பகுதிக்குள், விண்டோஸ் 10-இல் ‘ஈஸ் ஆஃப் ஆக்ஸஸ்’ என்ற பெயரில், மவுஸ் பாயிண்டருக்குத் தனி இடம் உண்டு. அங்கே அளவை 1 முதல் 15 வரை கூட்டலாம்; வெள்ளை, கறுப்பு, பின்னணிக்கு எதிர்நிறம், நாமே தேர்ந்தெடுக்கும் நிறம் என்று நான்கு வகைகள் இருக்கின்றன. நான் கறுப்பை முயன்றேன். ஆவணத்தின் கறுப்பு எழுத்துகளுக்கிடையே அது கலந்துபோனது. எதிர்நிறம் கேட்பதற்குக் கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் மங்கிய பழங்காகிதத்தில் தோற்றுவிட்டது; வெள்ளையை எதிர்மாற்றினால் கறுப்பு வரும், ஆனால் நடுத்தரச் சாம்பலை எதிர்மாற்றினால் ஏறக்குறைய அதே சாம்பல்தானே வரும்! எழுதும் இடத்தில் தோன்றும் ஒல்லியான ‘ஐ’ வடிவக் குறியும் வழக்கமாக இந்த எதிர்நிற முறையில்தான் வரையப்படுகிறது. கண் கூசாமல் இருக்கட்டும் என்று என் பக்கத்தைச் சாம்பல் நிறமாக்கி வைத்திருந்தேன். அந்தக் குறி அடிக்கடி ஏன் மாயமாகிறது என்று மாதக்கணக்கில் குழம்பியதற்கு விடை அதுதான். கடைசியில் கிளிப்பச்சை நிறமும் 4 என்ற அளவும் எனக்கு ஒத்துவந்தன. தட்டச்சு செய்யும் இடத்தில் மினுங்கும் கோட்டையும் தடிமனாக்கி, அதன் மேலும் கீழும் நிறப்பொட்டு வைக்கும் வசதியைப் பக்கத்துப் பிரிவிலேயே கண்டோம்.

பழைய விண்டோஸ் வைத்திருப்பவர்களும் கைவிடப்பட்டவர்கள் இல்லை. கண்ட்ரோல் பேனலில் மவுஸ் என்பதைத் திறந்து ‘பாயிண்டர்ஸ்’ பிரிவுக்குப் போனால், ‘விண்டோஸ் பிளாக்’ என்ற தொகுதி மிகப் பெரிய அளவிலும் கிடைக்கும். அதே இடத்தில் அடுத்த பிரிவின் அடியில், கண்ட்ரோல் விசையைத் தட்டினால் அம்பு நிற்கும் இடத்தைச் சுற்றி வளையங்கள் தோன்றிச் சுருங்கும்படி செய்யும் ஒரு தேர்வுக் கட்டம் இருக்கிறது. இது ஒன்றே என் நண்பர்கள் பலருக்குப் பாதித் தொல்லையைத் தீர்த்திருக்கிறது. ஆப்பிள் கணினியில் 2015 முதல் மவுஸை வேகமாக ஆட்டினால் அம்பு ஒரு கணம் பெருத்துக் காட்டுகிறது. 2021 முதல் நிறத்தையும் மாற்றலாம். எல்லைக்கு அப்பால் கேரள அரசுப் பள்ளிகளில் லினக்ஸ் கணினிகளில்தான் பாடம் நடக்கிறது. அவற்றிலும் அம்புக்குறியின் அளவைப் பெரிதாக்கும் வசதி இருக்கிறது. பேரன் தன் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து திரையைப் பார்க்கும் நண்பனுக்காக ஆசிரியரிடம் இதைச் சொன்னதாகவும், அவரும் புரொஜெக்டரில் காட்டும்போது இப்போது அம்பைப் பெரிதாக்கிவிடுவதாகவும் தொலைபேசியில் தெரிவித்தான். வேலால் விளைந்த நஷ்டத்தை அன்றோடு மன்னித்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தின் முக்கியமான கோரிக்கை பொதுமக்கள் வந்து போகும் கணினிகளைப் பற்றியது. அண்மையில் ஒரு பொதுச் சேவை மையத்தில், என் விவரங்களைச் சரிபார்க்கும்படி திரையை என் பக்கம் திருப்பினார்கள். பணியில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். ஆனால் அவருடைய அம்பு ஓயாமல் சுழலும் ஒரு பூவாக இருந்தது. "இது சரியா, இது சரியா" என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார். பூ எந்தக் கட்டத்தின் மேல் நிற்கிறது என்று நான் தேடுவதற்குள் அவர் இரண்டு கட்டம் தாண்டியிருந்தார். தந்தை பெயரில் ஓர் எழுத்துப் பிழை வீட்டுக்கு வந்த பின்தான் கண்ணில் பட்டது. எங்கள் பக்கத்தில் ஒரே பெயரை மலையாள ஆவணத்தில் ஒரு விதமாகவும் தமிழில் வேறு விதமாகவும் எழுதிய வழக்கு ஏராளம் என்பதால், ஓர் எழுத்து மாறினால் எத்தனை படி ஏறி இறங்க வேண்டும் என்பதைத் தொழிலிலேயே பார்த்தவன் நான். வாடிக்கையாளருக்குத் திரையைக் காட்டிச் சம்மதம் கேட்கும் எந்த இடத்திலும், அம்பு அசையாததாகவும் பெரியதாகவும் பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும் நிறத்திலும் இருக்க வேண்டும் என்று பொறுப்பில் உள்ளவர்கள் ஒரு வரியில் அறிவுறுத்தினால் போதும். இந்த அமைப்பு ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனியாகச் சேமிக்கப்படுவதால், பணிமுறை மாறி வேறொருவர் தம் கணக்கில் நுழையும்போது அது மாறிப்போகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அலங்கார உருவங்களை இறக்கிக்கொள்ள விரும்பும் இளைஞர்களிடம் ஓர் எச்சரிக்கையைத் தங்கள் குறிப்பு சொல்லியிருக்கலாம். அசையும் அம்புக்குறிகள் ‘அனி’ என்ற வகைக் கோப்பில் வருகின்றன. அந்தக் கோப்பை விண்டோஸ் படிக்கும் விதத்தில் இருந்த ஓர் ஓட்டையைப் பயன்படுத்தி, தீய நோக்கமுள்ள ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தாலே கணினியைக் கைப்பற்றிவிட முடியும் என்ற நிலை 2007-இல் ஏற்பட்டது. மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான மாதாந்திர நாளுக்குக் காத்திராமல் அந்த ஆண்டு ஏப்ரல் 3 அன்றே திருத்தம் வெளியிட்டது. அந்த ஓட்டை எப்போதோ அடைபட்டுவிட்டது. ஆனால் வேறு வாசல்கள் திறந்திருக்கின்றன. நாலைந்து சின்னப் படங்கள் கொண்ட ஒரு தொகுப்பு, நிறுவி இயக்க வேண்டிய ‘இ.எக்ஸ்.இ’ கோப்பாக வந்தால் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. படத்தை மாற்ற நிரல் எதற்கு? பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் அம்புக்குறி நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்கள்) பல, நாம் திறக்கும் எல்லா இணையதளங்களின் தகவல்களையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கின்றன. வீட்டில் ஒரே கணினியில் பையன் பூனைப் பாதம் வைத்து விளையாட, அப்பா அதே பிரவுசரில் வங்கிக் கணக்கைத் திறக்கிறார் என்றால், அந்த அனுமதியின் பொருளை வீட்டுப் பெரியவர்கள் ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பார்க்கட்டும்.

வரும் வாரங்களில் இதே பகுதியில், பார்வை குறைந்தவர்களுக்காக அம்புக்குறியை மாற்றும் முறையைப் படிப்படியாக வெளியிடுமாறு வேண்டிக்கொள்கிறேன். வெளியிடும்போது எழுத்துகளைச் சற்றுப் பெரிதாகவே அச்சிடுங்கள். சென்ற குறிப்பை நான் பேரனின் பூதக்கண்ணாடியை வாங்கித்தான் படித்து முடித்தேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
குழித்துறை, கன்னியாகுமரி மாவட்டம்.